ஐம்பது விநாடி

என் வேலை மணி அடிப்பது.
ஆறாம் நிமிடம் ஒன்று, ஏழாம் நிமிடம் இரண்டு.
தமிழ்ப் பேரவைச் சொற்போர்களில்
மூன்றாண்டு மேடையிலேயே உட்கார்ந்திருந்து
ஒரு சொல்லும் பேசாதவள் நான்தான்.

கடிகாரம் விளையாட்டுத் துறையில் இரவல்.
மணி, கேன்டீன் ஆ பூனுடையது:
கோப்பி கலக்கியதும் அவர் தட்டும் பித்தளைக் குமிழ்.
அதனால் எவ்வளவு பெரிய வாதம் முடிந்தாலும்
டிங் என்றதும்
கடைசி வரிசையில் எவனாவது
"கோப்பி ஓ, கோசோங்!" என்பான்.
அவை சிரித்து அடங்கக் கால் நிமிடம்.
அதை யார் கணக்கிலும் நான் எழுதியதில்லை.

அறுபத்தெட்டு. புக்கிட் தீமா.
மழைக்கு மூடிய சன்னல்கள்,
ஈரக் குடைகள் சாய்ந்த சுவர்,
பக்க அறையில் நாடகக்காரர்கள்
அட்டைக் கோட்டைக்குப் பசை காய்ச்சும் வாடை.
தலைப்பு: இந்தத் தீவுக்குக் கலை ஓர் ஆடம்பரமே.
ஒட்டிப் பேசு என்றது
கலியபெருமாளுக்குப் பத்துக் காசு நாணயம்.

மண்டபமே சிரித்தது.
பொருளியல் புத்தகத்தைப்
பிராஸ் பாசாவில் விற்று
கிரீடத்துக்குச் சரிகைத்தாள் வாங்கியவன்,
மாடிப்படியில் நின்று
ஏழு நாளாக மன்னனாகச் சாகப் பழகுகிறவன்,
அவனா ஒட்டிப் பேசுவது!

பேசினான்.
வீடு வேண்டும் என்றான். வேலை வேண்டும் என்றான்.
குழாயில் தண்ணீர் வரட்டும், அப்புறம் கூத்து என்றான்.
எதிர் அணியின் தில்லையம்பலம்
(பல் மருத்துவம், மூன்றாம் ஆண்டு, சுத்தமான யாழ்ப்பாண உச்சரிப்பு)
எழுதுவதை நிறுத்திவிட்டான்.
நான் ஒன்று அடித்தேன்.
கோப்பி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"செம்பவாங் தளத்தில்
கப்பலுக்குச் சாயம் அடிப்பவர் என் அப்பா.
செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது.
ஆங்கிலக் கடிதம். நான்தான் படித்துச் சொன்னேன்.
பத்தொன்பது வருசத்துக்கு
ஒரு பத்தி."

கடிகார முள் ஏழைத் தொட்டது.
விரல் குமிழ்மேல் இருந்தது.

"சட்டையை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
அந்த ராசா வேசம் என்னமோ சொன்னியே,
பேசிக் காட்டு என்றார்.
பேசினேன்.
மறுபடியும் என்றார்.
அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.
தங்கச்சிகள் பாயைவிட்டு எழுந்து வந்தார்கள்.
மூன்று முறை செத்தேன்."

முப்பது. முப்பத்தைந்து.
தில்லையம்பலம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

"நடுவர் அவர்களே,
கலை ஆடம்பரம்தான்.
அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில்
வேறு ஆடம்பரம் எதுவும் இல்லை."

ஏழு நிமிடம், ஐம்பது விநாடி.
அவனே நிறுத்தி
அவனே இறங்கிப் போனான்.

நேர மீறலுக்கு ஐந்து புள்ளி கழித்தார்கள்.
மூன்று புள்ளியில் அவன் அணி தோற்றது.
ஒட்டிப் பேசினானா வெட்டிப் பேசினானா என்று
நடுவர்கள் அரைமணி நேரம்
தங்களுக்குள் ஒரு சொற்போர் நடத்தினார்கள்.
மணிக்காரியை மாற்ற வேண்டும் என்று
தில்லையம்பலம் செயற்குழுவுக்கு எழுதினான்.
அவன் எழுதியது நியாயம்.

வெளியே, குடை தேடும் நெரிசலில்
கலியபெருமாள் கேட்டான்:
"மணி கேட்கவே இல்லையே?"
கடைசி கிரீன் பஸ் போய்விடும் என்றேன்.
ஓடினான், சரிகைத்தாள் சுருளைச்
சட்டைக்குள் நனையாமல் செருகியபடி.
நாடகத்தன்று அவன் வரவில்லை.
துறைமுகத்தில் எண்ணுக்கணக்கு எழுதுகிறான் என்றார்கள்.
அவனுக்குப் பதிலாக ஒருவன் மன்னனாகச் செத்தான்,
ஒரே முறை, சுமாராக.

அன்றிரவு மணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
ஆ பூன் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
மண்டபத்துக் கதை அதற்குள்
அவர் காதுக்கு வந்திருந்தது போலும்.
குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரோசாக்?" என்றார்.

தட்டிக் காட்டினேன்.
ஒருமுறை. பிறகு இன்னொரு முறை.
கணீர் என்றுதான் இருந்தது.
பழக்கத்தில்
ஒரு கோப்பியை ஊற்றி
என் பக்கம் நகர்த்தினார்.